மரகதம் எப்படி இருக்குதுங்கப்பா

பொட்டி மேல காலை வெச்சுப்போடாதீங்க. கோவமாச் சொல்லலைங்க. சித்த அக்கட்டால நீட்டிக்கங்க, அவ்வளவுதான். மேல வெக்கலாம்தான், ஆனா அங்க கூரைத் தகரம் காயுது. சூடு ஆகாதுங்க இதுக்கு. சேலம் வரைக்கும் மடியிலதான் வெச்சுட்டு வந்தேன். முட்டி வலி தாங்கல, எறக்கிட்டேன்.

என்ன இருக்குதுன்னா... கண்டக்டர்கிட்ட அலங்கார மீனுன்னு சொன்னேன். அவரு சீட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாரு. உங்ககிட்டயும் மீனுன்னே சொல்லிருக்கலாம். ஆனா ஓசூரு போக இன்னும் மூணு மணி நேரம் கெடக்குது. மீனுன்னு சொன்னா நீங்க மீனைப் பத்திக் கேப்பீங்க. எனக்கு மீனைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க.

பாம்புங்க.

எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. உக்காருங்க. விசமெல்லாம் கெடையாது. மரத்துல வாழற பாம்பு, வெளிநாட்டுது. துணிப்பையில போட்டு, பையை முடிச்சுப் போட்டு, முடிச்சு மேல ரப்பர் போட்டு, அதைத் தெர்மாகோல் பொட்டிக்குள்ள வெச்சு, பொட்டியைக் கயித்துல கட்டியிருக்குது. நானும் நீங்களும் தூங்கிப் போனாலும் அது வெளிய வராது. கடிச்சா ரத்தம் வரும், அது வேற விசயம். பல்லு நீளம். என்னைய ரெண்டு வாட்டி கடிச்சிருக்குது. பழைய பாம்பு ஒருவாட்டி, இது ஒருவாட்டி.

ஆமாங்க, ரெண்டு பாம்பு. அங்கதான் எல்லாக் கெரகமும்.

எம் பேரு அர்த்தநாரிங்க. பேரைச் சொன்னாலே திருச்செங்கோடுன்னு தெரிஞ்சிருக்கும். எங்கூர்ல வேற என்ன, ரிக் வண்டிதான். நானும் போர் போடற வண்டியில இருபத்தெட்டு வருசம். ஒரிசா, மத்தியப் பிரதேசம், ரெண்டு வருசம் ஆப்பிரிக்கா. தைக்கு ஊருக்கு வருவேன், பதினஞ்சு நாளு இருப்பேன், மறுபடி வண்டி ஏறிருவேன். கம்ப்ரசர் சத்தத்துல எடது காது மந்தமாயிருச்சு, இப்ப வேலையை விட்டுட்டு ஊட்டோட இருக்கறேன். நீங்க பேசறதா இருந்தா சித்த ஒறக்கப் பேசுங்க.

பையன் ஒருத்தன். சிபின்னு பேரு. அவன் பொறந்தப்ப நான் ராய்ப்பூர்ல. நடக்கப் பழகுனப்ப எங்கன்னு ஞாபகமில்லை. அவன் எல்லாத்தையும் அம்மாகிட்டத்தான் பேசுவான். எனக்கு என்ன சொல்லோணுமோ அதை அவகிட்டச் சொல்லுவான், அவ எங்கிட்டச் சொல்லுவா. நான் சொல்றதை அவ அவங்கிட்டக் கொண்டுபோய்ச் சேத்திருவா. ஒரே ஊட்டுக்குள்ள, ஒரே நேரத்துல உக்காந்து சாப்புடறப்பக் கூட அப்படித்தானுங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு கொறையும் சொல்ல முடியாது.

அப்பறம் அவ செத்துப் போனா. சம்பூர்ணம்னு பேரு. மூணு வருசம் ஆகப்போகுது. சக்கரை, அதுல கிட்னி. எனக்கு அப்ப ஒண்ணும் தோணலைங்க. இப்பவும் தோணலை. கல்லு மாதர இருக்கறான்னு எழவுக்கு வந்த ஒறம்பரைக பேசிக்கிட்டாங்க. பந்தல் போட்டாங்க, பிரிச்சாங்க, போயிட்டாங்க. ஊட்டுல ரெண்டு ஆம்பளைங்க மிச்சம். சாப்புடறயான்னு நான் கேக்கோணும், ஆச்சுங்கன்னு அவன் சொல்லோணும். ரெண்டு பேருக்கும் அது பழக்கமில்லை. டிவி ஓடிட்டிருக்கும்.

ஒரு வருசம் அப்படியே போச்சு. ஒரு நாளு கண்ணாடித் தொட்டியோட வந்தானுங்க. சங்ககிரியில ஒரு கம்பெனில அப்ப அவனுக்கு வேலை. ஆட்டோவுல இருந்து தொட்டி எறங்குச்சு, குச்சி எறங்குச்சு, கடைசியா ஒரு பை எறங்குச்சு. அவங்கம்மா படுத்திருந்த ரூம்புல ஏசி இருந்துச்சில்லைங்க, அங்கயே வெச்சான். நான் ஏன் எதுக்குன்னு கேக்கலை. கேட்டிருக்கோணுமாட்ட இருக்குது.

சொல்லிப்போடறேன், அழகுன்னா அழகுதான். வாழைக் குருத்துப் பச்சை. முதுகு மேல வெள்ளைக் கோடு, மின்னல் வெட்டுனாப்பல. கொய்யாக் குச்சியைக் குறுக்கால கட்டி வெச்சிருந்தான். அதுல ரெண்டு பக்கமும் மடிஞ்சு தொங்கும், நடுவுல தலையை வெச்சுக்கும். பகல் பூராம் அப்படியேதான். எமரால்டு ட்ரீ போவாங்கற ஜாதின்னான். பாரஸ்ட் ஆபீசுல பதிஞ்ச சீட்டுக் கூட வெச்சிருந்தான். பேரு மரகதம்னு வெச்சிருக்கேன்னான்.

அன்னிக்கு ஒரு நாளுதானுங்க எங்கிட்ட உக்காந்து பேசுனான். பத்து நிமிசம். அவங்கிட்ட அவ்வளவு பேச்சு இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. "இதே மாதர இன்னொரு பாம்பு இருக்குதுங்கப்பா. பச்சைப் பைத்தான், மலைப்பாம்பு ஜாதி. அச்சு அசலா இதே பச்சை, இதே மாதரதான் குச்சியில மடிஞ்சு கெடக்கும். ஆனா அது வேற கண்டம், இது வேற கண்டம். ரெண்டுக்கும் ஒட்டுமில்லை, ஒறவுமில்லை. பெரிய ஆளுங்களே ஏமாந்து போவாங்க"ன்னான். அப்ப எப்படிறா கண்டுபுடிக்கறதுன்னு கேட்டேன். ஏதோ கேக்கோணுமேன்னு கேட்டதுதான். அவன் மூஞ்சி அப்படியே மாறிப் போச்சுங்க.

"வாயோரத்தைப் பாருங்க. குழி குழியா இருக்குதுங்களா? இருட்டுல எலியோட சூடு தெரியறதுக்கு அந்தக் குழி. ரெண்டு செதிலுக்கு நடுவால குழி இருந்தா போவா. செதில் மேலயே குழி விழுந்திருந்தா பைத்தான். மூக்கு மேல பெரிய செதிலா இருந்தா போவா, பொடிப்பொடியா மணலாட்ட இருந்தா பைத்தான். போவா குட்டி போடும். பைத்தான் முட்டை போடும்."

நான் செரின்னேன். எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். அத்தோட முடிஞ்சுது அந்தப் பேச்சு.

தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாமா. செரி. நான் இந்தத் துணியை மட்டும் நனைச்சுப் பொட்டி மேல போட்டுக்கறேன். தொப்பூர் ஏத்தம் வரைக்கும் இந்த வெக்கைதான்.

இப்ப நடந்ததைச் சொல்றேன், தப்பு யார் மேலன்னு நீங்களே சொல்லுங்க. போன வருசம் மாசியில பொண்ணு ஊட்டுக்காரங்க வந்தாங்க. குமாரபாளையம். ஆறு பேரு. ஜாதகம் பொருந்திருச்சு, காப்பி ஆவுது. பொண்ணோட மாமன்காரரு கை கழுவப் போனவரு கதவு மாத்தித் தொறந்துட்டாரு. தொட்டி எதுத்தாப்பல இருக்குது. மனுசன் அங்கயே உக்காந்துட்டாரு. வெச்ச காப்பி வெச்சபடி இருக்க, ஆறு பேரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. பழத்தட்டைக் கூட எடுத்துட்டுப் போயிட்டாங்க.

நான் பெருசா ஒண்ணும் சொல்லலைங்க. சத்தம் கூடப் போடலை. ஒரு வார்த்தை சொன்னேன். "பெத்தவ செத்ததுக்கு ஒரு பொட்டுக் கண்ணீர் விடலை. இந்தக் கருமம் ரெண்டு மாசமாத் திங்கலைன்னு கண்ணைக் கசக்குனவன்தானடா நீ"ன்னேன். இருந்ததைத்தானுங்க சொன்னேன். பாத்ததைத்தான் சொன்னேன்.

அவன் பதிலே பேசலை. பேசியிருந்தா சண்டையாயி முடிஞ்சிருக்கும். எங்க வண்டியில எத்தனை சண்டை, மறுநாளு ஒரே தட்டுல சாப்புடுவோம். இவன் பேசவே இல்லை. சித்திரை பொறந்ததும் ஓசூர்ல ஒரு கம்பெனில வேலை கெடைச்சிருச்சுன்னு போயிட்டான். நாலு பேரு சேந்த ரூம்பு, பாம்பு வெக்க எடமில்லை. அதையும் எங்கிட்டச் சொல்லலைங்க. அலமாரியில ஒரு தாளு ஒட்டிட்டுப் போயிருந்தான். காலையிலயும் பொழுதோடயும் தண்ணி அடிக்கோணும். ஏசி இருபத்தேழு. கடிச்சா கையை உதறக் கூடாது, அதோட பல்லு ஒடிஞ்சிரும். எலி மூணு வாரத்துக்கு ஒண்ணு, அதுக்கு மேல வேண்டாம். அந்தக் கடைசி வரிக்கு அடியில ரெண்டு கோடு போட்டிருந்தான்.

எனக்கு வந்த கோவத்துக்கு அதைத் தூக்கிக் கொண்டுபோய் எங்காச்சும் தாட்டி விட்டிருப்பேன். ஞாயித்துக்கெழமை வந்துச்சு. காலையில பத்து மணிக்குப் போன்.

"மரகதம் எப்படி இருக்குதுங்கப்பா?"

"இருக்குது."

"தண்ணி குடிச்சுதுங்களா?"

"குடிச்சுது."

"செரிங்கப்பா."

அவ்வளவுதான். வெச்சுட்டான். நான் போனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அவன் பொறந்ததுல இருந்து எனக்குன்னு கூப்புட்டது அதுதானுங்க மொதத்தடவை. முன்னெல்லாம் அம்மா போனுக்குத்தான் வரும்.

அடுத்த ஞாயித்துக்கெழமையும் வந்துச்சு. அதுக்கடுத்ததும். இருக்குது, குடிச்சுதுன்னு எத்தனை வாரத்துக்குச் சொல்றது? சொல்றதுக்கு ஏதாச்சும் வேணுமில்லைங்க. அதனால வாரம் பூராம் அதையே பாத்துட்டு உக்காந்திருப்பேன். மேல தண்ணி அடிச்சா, மடிப்புல தேங்குன சொட்டை அதே உறிஞ்சிக் குடிக்கும். அதைச் சொன்னேன். தோலை உரிச்சப்ப உரிச்சதைச் சொன்னேன். அரை நிமிசமா இருந்த பேச்சு ரெண்டு நிமிசமாச்சு, நாலு நிமிசமாச்சு. ஐஸுல வெச்ச எலிப் பொட்டலம் கொரியர்ல வரும், பிரிட்ஜுல வெச்சுக்குவேன். எங்கூட்டு பிரிட்ஜுல பாலு இல்லை, தயிரு இல்லை. நான் மெஸ்ஸுலதான் சாப்பாடு. எலி மட்டுந்தான் இருக்கும்.

இப்ப வருது பாருங்க. தெனமும் பொழுது எறங்குனதும் அது குச்சியில இருந்து தலையைக் கீழ தொங்க விட்டுட்டு நிக்குமுங்க. இரை வருமான்னு காத்துட்டு நிக்கறது. தெனமும். மூணு வாரமா ஒரு உசுரு வாயைத் தொறந்துட்டு நின்னா எப்படிங்க பாத்துட்டுச் சும்மா இருக்கறது? ஊட்டுக்கு வந்தவங்களைச் சாப்புடாம அனுப்புனா எங்கூட்டுக்காரி ரெண்டு நாளைக்குத் தூங்க மாட்டா. வாரம் ஒண்ணு குடுத்தேன். தின்னுச்சு. நல்லாத்தான் தின்னுச்சு. இளைச்சிருந்தது தேறுதுன்னு எனக்கு ஒரு சந்தோசம். அவங்கிட்டச் சொல்லலை. மூணு வாரத்துக்கு ஒண்ணுன்னே சொல்லிட்டிருந்தேன்.

ஆனியில ஒரு நாளு தின்னதைக் கக்கிருச்சு. ஐயோ, வயிறு காலியாயிருச்சேன்னு மறுநாளே இன்னொண்ணு குடுத்தேன். அதையும் கக்குச்சு. மறுக்காக் குடுத்தேன். இந்த ஜாதிப் பாம்பு ஒருக்காக் கக்குனா ஒரு மாசத்துக்கு மேல பட்டினி போடோணுமாம். அப்பத்தான் வயிறு ஆறுமாம். பட்டினி போட்டாப் பொழைச்சிருக்கும். எனக்குப் போடத் தெரியலைங்க.

ஆடி மாசம் ஒரு வியாழக்கெழமை. காலையில போய்ப் பாத்தா குச்சியில இல்லை, கீழ கெடந்துச்சு. ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில எலுமிச்சைக்குப் பக்கத்துல குழி வெட்டிப் பொதைச்சேன். கல்லு பூமி, கடப்பாரை எறங்கவே இல்லை. மேல ஒரு முள்ளுக் கெளையை இழுத்துப் போட்டுட்டு வந்து கையைக் கழுவுனேன். அப்பவும் ஒண்ணும் தோணலைங்க.

ஞாயித்துக்கெழமை பத்து மணிக்குப் போன் வந்துச்சு. "மரகதம் எப்படி இருக்குதுங்கப்பா?"

இருக்குதுன்னேன். குடிச்சுதுன்னேன்.

பொய் சொல்லோணும்னு நெனைக்கலைங்க, வாயில அதுதான் வந்துச்சு. செத்துப் போச்சுன்னு சொன்னா என்ன ஆகும்? செரிங்கப்பாம்பான். வெச்சிருவான். அடுத்த ஞாயித்துக்கெழமை எதுக்குங்க என்னையக் கூப்புடுவான்? என்னத்தைக் கேப்பான்? எனக்கும் அவனுக்கும் நடுவால இருந்தது அவ ஒருத்தி. அவ போனதுக்கப்பறம் அந்தப் பாம்பு. அதும் போச்சுன்னா யாருங்க?

அஞ்சு வாரம் வெறுந்தொட்டியை வெச்சுட்டுப் பேசுனேன். காலையிலயும் பொழுதோடயும் வெறுந்தொட்டிக்குத் தண்ணி அடிச்சேன். அடிச்சேன்னு சொன்னா அடிச்சிருக்கோணுமில்லைங்க. சிரிக்காதீங்க. ஏசியும் இருபத்தேழுலதான் ஓடிட்டிருந்துச்சு.

ஆறாவது வாரம் ஒரு போட்டோ அனுப்புங்கப்பான்னுட்டான்.

எங்க பழைய மொதலாளி பையன் ஒருத்தன் மெட்ராஸ்ல இருக்கான். அவன் மூலமா ஒரு யாவாரியைப் புடிச்சேன். வெலையைக் கேக்காதீங்க. போய்ப் பாத்தா வரிசையாத் தொட்டி. "பச்சை, மரத்துல மடிஞ்சு தொங்கறது, எமரால்டு"ன்னேன். "இதானுங்க அய்யா"ன்னு ஒண்ணை எடுத்துக் காட்டுனாரு. பச்சையா இருந்துச்சு. மடிஞ்சு தொங்குச்சு. நடுவுல தலை. முதுகுல வெள்ளையும் இருந்துச்சு, கோடாட்ட இல்லை, புள்ளி புள்ளியா. பாம்புக்குப் பாம்பு சித்த வித்தியாசம் இருக்கத்தான செய்யும்னு நெனைச்சுட்டேன். பதியற சீட்டுப் பொறவு அனுப்பறேன்னாரு. இன்னும் வருது.

கொண்டு வந்து தொட்டியில விட்டு, அது குச்சியில ஏறி மடிஞ்சதும் போட்டோ எடுத்து அனுப்புனேன். பாத்துட்டான்னு நீலக் கோடு உடனே விழுந்துருச்சு. பதிலைக் காணோம். பொழுதோடத்தான் வந்துச்சு. "நல்லாருக்குதுங்கப்பா. நீங்க பத்திரமா இருங்க"ன்னு.

அப்பாடான்னு தண்ணி அடிக்கக் கையை உள்ள விட்டேன். கவ்விருச்சு. விடவே இல்லை. உதறக் கூடாதுன்னு தாள்ல எழுதியிருந்தானில்லைங்க, அதனால உதறாம அப்படியே உக்காந்திருந்தேன். கண்ணாடி போட்டிருந்தேன். மூஞ்சிக்கு நேரா அது வாயி. கையில ரத்தம் சொட்டுது, நான் வாயோரத்தைப் பாக்கறேன். செதில் மேலயே குழி. மூக்கு மேல பொடிப்பொடியா மணலு. பைத்தானுங்க. அவன் எங்கிட்டப் பேசுனதே அந்தப் பத்து நிமிசம்தான், அதுல ஒரு வார்த்தை நான் மறக்கலை. ஆனா கடையில நிக்கறப்ப அது ஞாபகத்துக்கு வரலை பாருங்க. பச்சையைப் பாத்ததும் போதும்னு ஆயிருச்சு.

போட்டோ மங்கலாத்தான் விழுந்திருந்துச்சு. செதிலெல்லாம் தெரியாது. தப்பிச்சேன்னு விட்டுட்டேன். இதுக்குப் பேரு கூட வெக்கலைங்க. மரகதம்னு கூப்புட வாய் வரலை.

அதுக்கப்பறம் ஆறு மாசமா ஒரு ஞாயித்துக்கெழமை தப்பலை. ஆனா ஒண்ணு, அவனுக்குப் பாம்பு மேல இருந்த ஆசை கொறைஞ்சு போச்சுங்க. பட்டணத்து வேலை பாருங்க, அப்படித்தான். மொதக் கேள்வியே சாப்புட்டீங்களாங்கப்பான்னு ஆயிருச்சு. மெஸ்ஸுல என்ன போட்டாங்க, முட்டிக்குத் தைலம் தேச்சீங்களா, டாக்டர்கிட்டப் போனீங்களா, அதையே கேட்டுட்டிருப்பான். கால் மணி நேரம் போகும். பாம்பைக் கடைசியாத்தான் கேப்பான். அதும் மரகதம்னு சொல்ல மாட்டான். "அது எப்படி இருக்குதுங்க"ம்பான். வெச்ச பேரையே மறந்துட்டான்.

இன்னொண்ணு கேளுங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு எலி குடுத்தாக் கூடத் தாங்குங்கப்பா, பயப்படாதீங்கங்கறான். ரெண்டு கோடு போட்டு எழுதுனவன்! போன தையில, "அது பொட்டையா இருந்தா முட்டை போட்டாலும் போடுங்கப்பா, பாத்துப் பயந்துறாதீங்க, எனக்குக் கூப்புடுங்க"ன்னான். போவா குட்டி போடும்னு அவன் வாயாலதான் சொன்னான். அதையே மறந்து போய் முட்டைங்கறான். எனக்கு நல்லதாப் போச்சு. இப்படியே எல்லாத்தையும் மறந்துட்டான்னா பாம்பைப் பாத்தாலும் கண்டுபுடிக்க மாட்டான்னு ஒரு தைரியம்.

அந்தத் தைரியமும் போன வாரம் போச்சு. தனி வீடு பாத்துட்டேன், கீழ் வீடு, பாம்பை எடுத்துட்டு வந்துருங்கன்னுட்டான். கொரியர்க்காரன் ஒருத்தன் இருக்கான், அவங்கிட்டக் குடுத்து விடறேன்னேன். "ஆளுகிட்டக் குடுக்காதீங்க, நீங்களே வாங்க"ன்னான். இன்னிக்கு லீவு போட்டுட்டு ஸ்டேண்டுல வந்து நிப்பான். பொட்டியைத் தொறந்தா முடிஞ்சுது. வாயோரத்தை ஒருக்காப் பாத்தாப் போதும் அவனுக்கு. கண்டுபுடிக்கலைன்னே வெச்சுக்கங்க, பாம்பு அவங்கிட்டப் போயிருச்சுன்னா அடுத்த ஞாயித்துக்கெழமை எனக்கு எதுக்குங்க போன்? எப்படிப் பாத்தாலும் இன்னியோட செரி. எனக்குப் பயமா இருக்குதுங்க. முன்னூறு அடிக்குக் கீழ ராடு சிக்கி வண்டியே ஆடுனப்பக் கூட நான் பயந்ததில்லை.

என்னங்க? சித்த இந்தப் பக்கத்துக் காதுல சொல்லுங்க.

யாருக்குத் தெரியும்? அவனுக்கா?

இல்லீங்க. அது எப்படிங்க, போட்டோ மங்கலு. செதில் தெரியாது...

வெள்ளைக் கோடு தெரியும். கோடு இல்லாததும் தெரியும். ஆமாங்க. அவன் வளத்த பாம்பு. ஒரு வருசம் தெனமும் பாத்த பாம்பு. நம்ம பையன் நடந்து வந்தா முதுகைப் பாத்தே நமக்குத் தெரியாதா. அவன் மறக்கலை. பைத்தானுன்னு தெரிஞ்சுதான் முட்டைன்னு சொல்லியிருக்கான். இதுக்கு வயிறு தாங்கும்னு தெரிஞ்சுதான் ரெண்டு வாரம்னு சொல்லியிருக்கான். மரகதம் இல்லைன்னு தெரிஞ்சுதான் மரகதம்னு சொல்லலை.

அப்ப ஆறு மாசமா அவன் யாரைப் பத்திங்க கேட்டுட்டிருந்தான்?

இருங்க. பேசாதீங்க. சித்த இருங்க.

கிருஷ்ணகிரி எப்பங்க போச்சு? நான் பாக்கவே இல்லை.

இல்லீங்க, நீங்க நெனைக்கற மாதர இருக்காது. கையும் களவுமாப் புடிக்கத்தான் வரச் சொல்லியிருக்கான். என் மூஞ்சிக்கு நேரா பொட்டியைத் தொறந்து, இது என்னங்கப்பான்னு கேக்கோணும்னு. நான் அன்னிக்குச் சொன்ன வார்த்தைக்கு அவன் இன்னும் பதில் சொல்லலையில்லைங்க. இன்னிக்குச் சொல்லுவான். சொல்லட்டும். சொன்னா நல்லதுதான். தலையை ஆட்டறீங்க. உங்களுக்கு அவனைத் தெரியாதுங்க. எனக்கே தெரியாது.

போன் அடிக்குது. அவந்தான். புதன்கெழமைல ஏன் கூப்புடறான். இருங்க, இந்தத் தண்ணி பாட்டலைப் புடிங்க.

அலோ. ஆங், கேக்குது. சூளகிரி தாண்டிருச்சு. உக்காந்துதான் வர்றேன், சீட்டு கெடைச்சிருச்சு. இல்லை, வெயிலு இந்தப் பக்கம் இல்லை. தின்னேன், தருமபுரியில வண்டி நின்னுச்சு. ம். இருக்குது, காலுக்குக் கீழதான் இருக்குது.

சிபி.

சிபி, ஒண்ணு சொல்லோணும். மரகதம் செத்துப் போச்சு கண்ணு. ஆடியிலயே செத்துப் போச்சு. நாந்தான் எலியைக் குடுத்துக் குடுத்துக் கொன்னுபோட்டேன். வாயைத் தொறந்துட்டு நின்னுச்சுடா. எனக்குப் பட்டினி போடத் தெரியலை. இது வேற பாம்பு. நீ கூப்புடாமப் போயிருவயோன்னுதான் சொல்லலை.

ம்.

ம்.

ரெண்டு.

செரி. செரிடா.

வெச்சுட்டானுங்க.

"தெரியுங்கப்பா"ன்னான். அவ்வளவுதான். திட்டுவான்னு பாத்தேன், திட்டலை. பாம்பைப் பத்தி ஒண்ணுமே கேக்கலைங்க. பஸ் நின்னதும் அவசரப்பட்டு எறங்காதீங்க, நான் படிக்கு வர்றேன்னான். அப்பறம் கேக்கறான், சட்டை எத்தனை எடுத்துட்டு வந்தீங்கன்னு.

ரெண்டுன்னேனுங்க. "பத்தாதுங்கப்பா"ன்னுட்டு வெச்சுட்டான்.